ரிக்ஷா என்று சொன்னேன்

அன்று விடியுமுன் ரோட்டில் இருந்தவர்கள்:

நான். தலையில் இடியாப்பக் கூடை, கையில் தேங்காய்ப்பூ டப்பா.

எதிர்வரிசைக் காப்பிக்கடைச் சீனர். கடை திறக்கவில்லை. பலகை இடுக்கில் அடுப்பு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே ஆள் இருந்தார்.

குப்பை வண்டிக்காரர். சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வீட்டுக் குப்பைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அவர் மாடு. ஒற்றை மாட்டு வண்டி அது.

கார் ஓட்டி வந்தவர். அவர் நிற்கவில்லை. அவரை இருந்தவர் கணக்கில் சேர்க்கலாமா தெரியவில்லை. சேர்த்துக்கொள்கிறேன்.

வேறு யாரும் இல்லை. ரிக்ஷா இல்லை. ரிக்ஷாக்காரரும் இல்லை.

இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. வேலை போகவில்லை, சம்பளம் குறைந்தது. நான் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். எழுத்து அங்கே வந்ததுதான். கல்யாணம் கட்டி ரயில்வே ஆட்களின் வரிசை வீடான லயனுக்கு வந்தபிறகு இடியாப்பம் பிழிந்து விற்றேன். லயன் வீடுகள், அதற்கப்பால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார் வீடுகள். சுமார் முப்பது வாடிக்கை.

சாப்பாட்டு வியாபாரம் லேசானதில்லை. கிராணி வீட்டு அம்மாக்கள் வாசலில் நின்று என் கையைப் பார்ப்பார்கள். நகத்தைப் பார்ப்பார்கள். கூடைத் துணி வெளுத்ததா என்று பார்ப்பார்கள். ஒருமுறை என் சேலையில் சாணி தெறித்திருந்தது. ஒரு வாரம் மூன்று வீட்டில் வாங்கவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. "இன்னிக்கு வேணாம்" என்றுதான் சொன்னார்கள்.

காரை நான் பார்க்கவில்லை. முதுகுப் பக்கம் சத்தம் கேட்டது. ஓரமாகத்தான் போனேன். பிறகு சாக்கடை ஓரம் கிடந்தேன். இடியாப்பம் ரோடு முழுக்கச் சிதறி வெள்ளையாகத் தெரிந்தது. அன்றைய வியாபாரம் போச்சே என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

கார் கொஞ்ச தூரம் போய் மெதுவானது. நிற்கப்போகிறது என்று நினைத்தேன். பின்விளக்கு அங்கேயே இருந்தது. அப்புறம் போய்விட்டது.

சீனர் பலகையை ஒரு கை அகலம் நகர்த்திப் பார்த்தார். மறுபடி மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். போலீஸ் என்றால் எல்லோருக்கும் பயம்.

வண்டிக்காரர் ஓடிவந்தார்.

"அசையாதீங்கம்மா. எந்த லயன் நீங்க?"

"என் காலப் பாருங்க..."

"நான் பாத்துட்டேன். நீங்க பாக்காதீங்க."

ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எதுவும் வரவில்லை. போய் வண்டியிலிருந்த குப்பையை ரோட்டோரமே கவிழ்த்தார். சாக்கை விரித்தார். அதன்மேல் தலைத் துண்டையும் விரித்தார். என்னிடம் வந்து குனிந்தார். குனிந்தவர் நின்றார்.

"தொட்டுத்தான் தூக்கணும்மா. தூக்கட்டா?"

"தூக்குங்க" என்றேன்.

வழி நெடுக மாட்டோடு பேசிக்கொண்டே வந்தார். "வாடா என் ராசா. இன்னிக்கு நீ மாடு இல்லடா, மெயில் வண்டி. போடா." எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. நாற்றமும் அடித்தது. இரண்டும் நினைவிருக்கிறது.

ஆசுபத்திரி வராந்தாவில் என்னை இறக்கிக் கிடத்தினார். உடனே அங்கே வேலை செய்கிறவர் ஒருவர் கத்தினார், குப்பை வண்டியை உள்ளே கொண்டுவந்தாயா என்று. வண்டிக்காரர் மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். வண்டியையும் சொன்னேன். அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"காரையா?"

"வண்டியில வந்தத."

"இருட்டு. யாரும் பாக்கல."

சாயங்காலம் கிராணி வீட்டு அம்மாக்கள் மூன்று பேர் பார்க்க வந்தார்கள். ஆரஞ்சு வாங்கி வந்தார்கள். நல்லவர்கள்தான். ஒருவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். இன்னொருவர் கேட்டார், "ரோட்டுல கெடந்தவள யாருப்பா கொண்டாந்தா?"

"ரிக்ஷாவுல வந்துச்சு அம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"புண்ணியவான். காசு வாங்குனானா?"

"இல்லம்மா."

நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ரிக்ஷா இழுக்கிறவர்கள் அங்கே சீனர்கள்தான். அந்த அம்மா என்னைப் பார்த்து, "சீனனா இருந்தாலும் மனசு பாத்தியா" என்றார். நான் தலையாட்டினேன்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"கால் போச்சு. கூடையும் போவணுமா?" என்றார்.

அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. யாருக்கும் நஷ்டமில்லாத பேச்சு அது. அப்படித்தான் அன்று நினைத்தேன்.

மறுநாள் போலீஸ் வந்தது. ஒரு சிங் போலீஸ்காரர், எழுதிக்கொள்ள ஒரு தமிழ் ஆள். பக்கத்துக் கட்டிலில் எங்கள் லயன்காரி ஒருத்தி பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள். அவள் காது என் பக்கம்தான் இருந்தது. யார் கொண்டுவந்தது என்று போலீஸ் கேட்டது. ரிக்ஷா என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பெருவிரல் வைக்கச் சொன்னார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லி, கையெழுத்தே போட்டேன்.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். கால் ஒட்டியது, கோணலாக ஒட்டியது. கக்கத்தில் கட்டை வைத்தால்தான் நடை. கூடை தூக்க முடியாது. உட்கார்ந்து விற்க ஒரு இடம் வேண்டும். ரோட்டோரம் ஒரு சின்னக் கடை போட லைசென்ஸ், பலகை, பாத்திரம் என்று கணக்குப் பார்த்தால் கையில் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடகு வைக்க இருந்ததெல்லாம் ஆசுபத்திரி நாளிலேயே போய்விட்டது.

அப்போதுதான் வண்டிக்காரர் வந்தார். லயனுக்குப் பின்னால் குப்பைச் சந்து. அவர் தினமும் வருகிற வழி. அன்று தகரத்தைக் கொட்டிவிட்டுப் போகாமல் பின்வாசல் பக்கம் நின்றார்.

"அம்மா, நடக்குறீங்களா?"

"நடக்குறேன்."

"ஒரு விஷயம். அந்தக் கார் எனக்குத் தெரியும்."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

மேட்டு பங்களாவில் ஒரு காண்டிராக்டர் இருந்தார். நம்ம ஆள்தான். ரோடு வேலைக்கும் ரயில்வேக்கும் கல்லும் மரமும் கொடுக்கிறவர். அந்த பங்களாவின் குப்பையும் இந்த வண்டிக்காரர்தான் எடுப்பார். அந்தக் காரைத் தினமும் பார்க்கிறவர். அன்று காலை ஓட்டிப் போனது காண்டிராக்டரேதான் என்று சொன்னார். மறுநாள் அந்த வீட்டுக் குப்பையில் கார் விளக்குக் கண்ணாடி உடைந்து கிடந்ததாம். எடுத்து வைத்திருந்தார். ஒரு துணி மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். தடித்த கண்ணாடி, நாலைந்து துண்டு.

"இத்தன நாள் ஏன் சொல்லல?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஆசுபத்திரிக்கு ரெண்டு வாட்டி வந்தேங்க. உள்ள விடல. அம்மா பேரு கேட்டாங்க. பேரு எனக்கென்ன தெரியும்? இடியாப்பக்கார அம்மான்னேன். சிரிக்கிறாங்க."

"கோர்ட்டுல வந்து சொல்லுவியா?"

"சொல்லுறேன். அந்தாளு ஒரு நிமிசம் நிறுத்துனாரு. எறங்கி வருவாருன்னு நெனச்சேன். போயிட்டாரு. அதான் எனக்கு ஆறல."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு. ஆசுபத்திரிக்கு ரிக்ஷாவுல ஏத்தி விட்டேன்னு சொல்லிரு."

"ரிக்ஷாவா? எந்த ரிக்ஷா?"

"ஏதோ ஒண்ணு. இது யாவாரம்ப்பா. ஒனக்குப் புரியும்."

வண்டிக்காரருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. மாட்டைப் பார்த்துச் சிரித்தார். "ரிக்ஷாவுல மனுசன் இழுப்பான், என் வண்டியில இவன் இழுக்குறான். வித்தியாசம் அம்புட்டுத்தாங்க" என்றார்.

"சொல்லுவியா மாட்டியா?"

"கேக்காட்டி நான் ஏன் சொல்லப்போறேன்? கேட்டா, சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல எனக்கு வராதுங்க. வேற எதுன்னாலும் வரும்."

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. அவருக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கவேண்டும். அடுப்பில் காப்பி இருந்தது. எதில் கொடுப்பது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

வண்டிக்காரரும் என் வீட்டுக்காரரும் போலீஸில் போய்ச் சொன்னார்கள். போலீஸ் காரைத் தேடியது. கார் கிள்ளானில் ஒரு பட்டறையில் நின்றது, முன்விளக்கு புதுசு. கிள்ளான் ரோட்டில் ஒரு மாட்டை இடித்தேன் என்றார் காண்டிராக்டர். கேஸ் போட்டார்கள்.

நஷ்டஈடு கேட்க ஒரு வக்கீல் ஆபீஸ் கிராணி எங்களுக்கு உதவினார். முதலில் போலீஸ் கேஸ் முடியட்டும், காண்டிராக்டர் மேல் குற்றம் என்று தீர்ப்பானால் முந்நூறு வெள்ளி கேட்கலாம் என்றார். முந்நூறு இருந்தால் கடை போடலாம், கடன் அடைக்கலாம். ராத்திரி படுத்தால் அந்த முந்நூறுதான் கண்ணில்.

கேஸுக்கு முந்தின நாள் கிராணி எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்தக் கேஸ்ல இருக்கறது ஒரே ஒரு சாட்சி. காப்பிக்கடைக்காரன் ஒண்ணும் பாக்கலன்னுட்டான். அதனால அந்த ஆளு சொல்றதும் நீங்க சொல்றதும் ஒத்துப்போகணும். ஒரு நூலு பிசகக்கூடாது. பிசகுற மாதிரி ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லுங்க. நான் சரி பண்ணிக்கறேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இந்தக் கிராணியின் வீட்டு அம்மாவும் என் வாடிக்கை. வாரத்தில் நாலு நாள் என் இடியாப்பம்தான் அங்கே.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

கோர்ட்டில் வராந்தா நிறைய ஆட்கள். எங்கள் லயனிலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். கிராணி வீட்டு அம்மாக்கள் இரண்டு பேர், வெளி பெஞ்சில். எனக்காகத்தான் வந்தார்கள். வரும்போது வழியில் கோயிலில் திருநீறு வாங்கிவந்து பூசிவிட்டார்கள்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட். கேள்வி இங்கிலீஷில். தமிழில் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. நடந்ததைச் சொன்னேன். ஆசுபத்திரிக்கு எப்படிப் போனாய் என்று கேட்டதற்கு ரிக்ஷா என்று சொன்னேன். அதற்குள் அது வாயில் பழகிவிட்டது.

அடுத்து வண்டிக்காரர். வெளுத்த வேட்டி கட்டி, எண்ணெய் வைத்துத் தலை சீவி வந்திருந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. காரைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னார். கண்ணாடியைக் காட்டினார். நன்றாகச் சொன்னார். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டே போனார். எனக்குத் தைரியம் வந்தது.

காண்டிராக்டர் வக்கீல் எழுந்தார். கார் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நீர் இந்த அம்மாவை எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்?" என்று அவர் கேட்டதைத் தமிழில் சொன்னார் யாழ்ப்பாணத்து ஐயா.

வண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். ஒரு நொடி பார்த்தார். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார்.

"நான்தாங்க கொண்டு போனேன்."

"எதில்?"

"என் வண்டியில."

"என்ன வண்டி? தெளிவாச் சொல்லும்."

"குப்பை வண்டிங்க."

வராந்தாவில் யாரோ "ச்சீ" என்றார்கள். ஆணா பெண்ணா தெரியவில்லை.

"அந்த அம்மா ரிக்ஷாவில் போனதாகச் சொல்றா. போலீஸிலும் அப்படித்தான் எழுதிக் கிடக்கு."

"அந்த நேரத்துக்கு ரிக்ஷா ஏதுங்க? தொரை வேணும்னா ஒரு நாள் எந்திரிச்சு வந்து பாக்கட்டும்."

சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது.

என்னை மறுபடி கூப்பிட்டார்கள். கட்டையை ஊன்றி ஏறினேன். வக்கீல் கனிவாகத்தான் கேட்டார். யாழ்ப்பாணத்து ஐயாவும் கனிவாகத்தான் சொன்னார்.

"அம்மா, இந்த ஆள் தன் குப்பை வண்டியில் உங்களைத் தூக்கிப் போட்டுக் கொண்டு போனதாகச் சொல்றார். அது உண்மையா?"

அங்கிருந்து வெளி பெஞ்சு தெரியும். இரண்டு அம்மாக்களும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். என் வீட்டுக்காரர் தூணோடு நின்றார். வண்டிக்காரர் கீழே நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கண்ணாடித் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

உண்மை என்று சொன்னால் முந்நூறு வரலாம். வராமலும் போகலாம். இடியாப்பம் நிச்சயமாகப் போகும். இந்தக் கணக்கை நான் அங்கே நின்று போட்டேன். போடவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"பதில் சொல்லும் அம்மா" என்றார்.

"இல்லைங்க. ரிக்ஷா."

"இவர் உங்களைத் தொட்டாரா? தூக்கினாரா?"

இது வரும் என்று நான் நினைக்கவில்லை.

"இல்லைங்க."

"அப்ப இவர் அங்கே இருந்தாரா என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?"

நான் பேசாமல் நின்றேன். அதுவும் ஒரு பதில் என்று வக்கீல் எடுத்துக்கொண்டார். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இங்கிலீஷில். கிராணி பிற்பாடு எனக்குச் சொன்னார். தூக்காத ஆளைத் தூக்கினேன் என்று சொல்கிறவன், பார்க்காத காரையும் பார்த்தேன் என்று சொல்லுவான் என்றாராம் வக்கீல். பங்களாக்காரர் முன்னொருநாள் குப்பை சிந்தியதற்கு இவனை ஏசியிருக்கிறார், அந்தக் கோபத்தில் கட்டிய கதை என்றாராம். கண்ணாடி எந்தக் காருக்கும் உடையும் என்றாராம். மறுநாளும் எல்லோரையும் வரச்சொன்னார்கள். மறுநாள் காண்டிராக்டரை விட்டுவிட்டார்கள்.

படியில் இறங்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படி பாத்து எறங்குங்கம்மா" என்றார். போய்விட்டார்.

ஒரு வாரத்தில் காண்டிராக்டரிடமிருந்து கிராணி மூலமாக இருபத்தைந்து வெள்ளி வந்தது. நஷ்டஈடு இல்லை, தர்மம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கிராணி ஐந்து எடுத்துக்கொண்டார். மீதியை என் வீட்டுக்காரர் எண்ணி என் கையில் கொடுத்தார். "இது போதும், ஆரம்பி" என்றார்.

வீட்டு வாசலிலேயே பலகை போட்டு ஆரம்பித்தேன். எல்லா வாடிக்கையும் வந்தது. ஒருத்தர் குறையவில்லை. முதல் நாளே தீர்ந்துபோனது. கூடை தூக்கிய காலத்தைவிட நன்றாக ஓடியது.

வாங்க வருகிறவர்கள் கேஸைப் பேசுவார்கள்.

"அந்தப் பாவி மட்டும் ஒழுங்கா பேசியிருந்தா ஒனக்கு முந்நூறு வந்திருக்கும்டி."

"குப்ப வண்டியில ஏத்துனானாம். எம்புட்டுத் துணிச்சல் பாரு, ஒரு பொம்பளயப் பத்திச் சொல்ல!"

"காண்டிராக்டர்கிட்ட காசு வாங்கிட்டுப் பல்டி அடிச்சிருப்பான். இவனுங்கள நம்பலாமா?"

நான் தேங்காய்ப்பூ தூவிக் கொடுப்பேன். "இன்னும் கொஞ்சம் போடு" என்றால் இன்னும் கொஞ்சம் போடுவேன். ஒருநாள் மட்டும் சொன்னேன், "அவரு நல்ல மனுசந்தான் அக்கா" என்று. "நீ ஒருத்தி, ஒன்னக் கெடுத்தவனுக்கே பரிஞ்சு பேசு. அதான் ஒனக்குக் கையில சுத்தம், மனசுல சுத்தம்" என்று அந்த அம்மா இரண்டு கட்டு அதிகமாக வாங்கிக்கொண்டு போனார். அதற்குப்பின் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் தினமும் பின்சந்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வேறு வழியில்லை, அவர் வேலை. சக்கரச் சத்தம் கேட்டதும் நான் மாவைப் பிசைவதை நிறுத்திவிடுவேன். எங்கள் தகரத்தைத் தூக்குவார், கொட்டுவார், சத்தம் வராமல் திருப்பி வைப்பார். மற்ற வீட்டுத் தகரத்துக்கு எப்படியோ அப்படியே. நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். வண்டி போனபிறகு அடுப்பை மூட்டுவேன்.

ஒருநாள் தகரம் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வேறு ஆள்.

"முன்ன வந்தவரு எங்க?"

"செந்தூல் பக்கம் மாத்திட்டாங்க. எங்க மேஸ்திரி மண்டோருக்கு அவரு மேல கோவம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் முறை வேலைக்குப் போனபின் கிளம்பினேன். மிச்சமிருந்த வெள்ளியையும் அந்த வாரத்துச் சில்லறையையும் முந்தானையில் முடிந்துகொண்டேன். குப்பை வண்டிக்காரர்கள் குடியிருக்கிற வரிசை எங்கள் லயனிலிருந்து ஆற்றுப் பக்கம், அரை மைல்கூட இல்லை. அதுவரை நான் அந்தப் பக்கம் போனதில்லை. கட்டையோடு போய்ச்சேர வெகுநேரம் ஆனது. விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். நான் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் வீட்டில் இல்லை. மாட்டைக் குளிப்பாட்ட ஆற்றுக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"யாரு, ரிக்ஷா அக்காவா? வாங்க" என்றாள்.

அவள் வேலையை நிறுத்தவில்லை. நான் நின்றேன்.

"ஒக்காருங்கன்னு சொல்லலாம். அப்புறம் இங்க ஒக்காரவே இல்லன்னு சொல்லுவீங்க."

"ஒக்கார்றேன்" என்றேன். வாசல் கல்லில் உட்கார்ந்தேன்.

"தண்ணி வேணுமா?"

"குடு."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். அவள் நான் குடிப்பதைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு வாசல்களைப் பார்த்தாள்.

"இங்க எல்லாரும் பாத்தாச்சு. அங்க போயி சொல்லுவீங்களா?"

நான் குவளையைக் கல்லில் வைத்தேன்.

"அதான பாத்தேன்" என்றாள்.

முடிச்சை அவிழ்த்தேன். எல்லாவற்றையும் அவள் முறத்துப் பக்கத்தில் வைத்தேன். பாதி எடுத்துக்கொள், முழுசும் எடுத்துக்கொள் என்று சொன்னேன். என் வாயில் ஒழுங்காக வரவில்லை.

"காண்டிராக்டர் குடுத்ததா இது?"

"ஆமா."

"அது எங்களுக்கு எதுக்கு? கால் ஒங்களுது, காசும் ஒங்களுது."

"அவருக்கு என்னால நஷ்டம்."

"நஷ்டந்தான்." அவள் விரல் மடக்கினாள். "கோர்ட்டுக்கு ரெண்டு நாளு, சம்பளம் இல்ல. நாளைக்கு அறுவது காசு. அப்புறம் அவராதம். ஒண்ணரை வெள்ளி."

"அபராதமா? எதுக்கு?"

"வேலைய விட்டுட்டு வண்டிய ஆசுபத்திரிக்கு ஓட்டுனதுக்கு, குப்பைய ரோட்டுல கொட்டுனதுக்கு. கோர்ட்டு அவரு சொன்னத நம்பல. மண்டோரு நம்பிட்டாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. எனக்கு வாயில் அந்தத் தண்ணீரின் ருசி இருந்தது.

"அத மட்டும் எடுத்துக்கிறேன்" என்றாள். "கூட ஒண்ணும் வேணாம். கூட எடுத்தா, அதுக்குத்தான் அவரு வந்து சொன்னாருன்னு ஆயிரும்."

என் காசிலிருந்து பொறுக்கினாள். காண்டிராக்டரின் வெள்ளியைத் தொடாமல், இடியாப்பச் சில்லறையாகப் பார்த்துப் பொறுக்கினாள். மீதியைத் தள்ளிவைத்தாள். நான் மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன். மறுபடி தள்ளினாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

எடுத்ததை மடியில் போடுமுன் எனக்கு எண்ணிக் காட்டினாள்.

இரண்டு வெள்ளி எழுபது காசு.